கம்ப்யூட்டரில் போட்ட சிக்குக் கோலம் ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம்?

கோடுகிறுக்கி:
கோடிங் எழுதிப் படம் வரைய உதவும் பி5 ஜேஎஸ்ஸில் சிக்குக் கோலம் வரைய ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஒரு புள்ளியின் நாலு பக்கத்திலும் இழை பக்கத்துப் புள்ளியோடு சேருமா சேராதா என்று பார்த்தால் மொத்தம் 16 வடிவம்தான், அவற்றைக் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டே போனால் 15 புள்ளிக் கோலம்கூட சட்டென்று வந்துவிடுகிறது. வருகிறது, ஆனால் கடையில் விற்கிற ஸ்டிக்கர் மாதிரியே இருக்கிறது. அம்மாவிடம் காட்டினால் "நல்லாருக்கு, யார் வீட்டு டைல்ஸ்?" என்கிறார். கோட்டை ரேண்டமாக இரண்டு மூன்று பிக்சல் ஆட்டிப் பார்த்தேன், குளிர்ஜுரத்தில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கையால் போட்ட களை எப்படி வரும்?

தாம்பரத்தான்:
இந்த ஆசை ரொம்பப் பழசு. எங்கள் ஊர் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவர்களும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது வரையும் விதிகள், எழுதிக் கட்டுரை போட்டுவிட்டார்கள். சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரேண்டமில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது, நடுக்கம் அதனால்தான். பி5-லேயே நாய்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதில் மதிப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கணினி வரைகலைக்காரர் கென் பெர்லின் 80களில் அதை உருவாக்கியதே கணினிப் படங்கள் மெஷின்தனமாக இருக்கிறதே என்ற கடுப்பில்தான்.

ஈரவாசல்:
எனக்கு கோடிங் தெரியாது, கோலம் தெரியும். நீங்கள் கோட்டை ஆட்டுகிறீர்கள், வாசலில் ஆடுவது புள்ளி. குனிந்தபடி கண்ணளவில் வைப்பதால் கடைசி வரிசை எப்படியும் கொஞ்சம் கோணும், அதைச் சரிக்கட்டிக்கொண்டுதான் இழை வளையும். அப்புறம் நேர்கோட்டில் கை வேகமாகப் போகும், மாவு மெலிசாக விழும், வளைவில் நிதானிக்கும்போது தடிக்கும். மாவு தீர்ந்து மறுபடி எடுத்துத் தொடங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சும் விழும். நாய்ஸோ என்னவோ, அதைப் புள்ளிக்குப் போடுங்கள்.

கோடுகிறுக்கி:
அக்கா, பிரமாதம்! புள்ளிகளை மட்டும் நாய்ஸில் 4 பிக்சல் வரை நகர்த்தி, வளைவுக்குத் தக்கபடி கோட்டின் தடிமனையும் மாற்றினேன். அம்மா பார்த்துவிட்டு, "மூணாவது வரிசையில ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கே, பாத்து வைக்கக்கூடாதா?" என்றார். முடிச்சு இன்னும் போடவில்லை. ஒருமுறை எடுக்கிற மாவு எத்தனை புள்ளி தூரம் வரும்?