புதுப்பிப்பு: 95 டிகிரியிலிருந்து 74-க்கு இறங்கிய புராசஸர்

வீடியோ ரெண்டர் செய்யத் தொடங்கிய இரண்டே நிமிடங்களில் என் ரைசன் 5 3600 புராசஸரின் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டு, வேகமும் குறைந்துவிடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பலர் சந்தேகித்தபடியே புராசஸருக்கும் அதன் மேலுள்ள ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) இடையே பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்தான் காரணம்.

கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் சற்று இளகிய பின் அணைத்து, ஹீட்சிங்கை நேராக இழுக்காமல் இடவலமாக மெல்லத் திருப்பிக் கழற்றினேன். ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் இந்தப் புராசஸர் அமரும் இடம்) புராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் இல்லாததால், இறுகிய பேஸ்ட் அதனை 1331 பின்களோடும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். பேஸ்ட் ஓரங்களில் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு மட்டும் வைத்தேன். இரு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்புவதே பேஸ்டின் வேலை. உலோகத்தைவிடக் குறைவாகவே அது வெப்பத்தைக் கடத்தும் என்பதால் தாராளமாக அப்புவதில் பயனில்லை. திருகுகளை மூலைக்கு மூலை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினேன்.

அதே ரெண்டரில் இப்போது 74 டிகிரி. வேலையின்றி இருக்கும்போது 40-க்கும் 50-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அறையே 32 டிகிரியில் இருப்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை.