ரெகுலேட்டரை இழந்த மின்விசிறி

கேள்வி:
மின்சாரம் மிச்சமாகும் என்று நம்பி, சென்ற மாதம் ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட) மின்விசிறியைப் பொருத்தினோம். முன்பு இருட்டிலேயே கையை நீட்டி ரெகுலேட்டரை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பிவிடும் என் தாயார், இப்போது நள்ளிரவில் தலையணைக்கடியில் ரிமோட்டைத் துழாவியெடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானைத் தேடுகிறார். பழைய ரெகுலேட்டரையே இதனுடன் இணைக்கலாமா?

மறுமொழி 1:
அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய ரெகுலேட்டர் விசிறிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைத் தணிப்பது. புதியதிலோ உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றே வேகத்தைத் தீர்மானிப்பதால், இரண்டையும் இணைத்தால் அச்சுற்று பழுதாகக்கூடும். சில மாடல்களில் சுவர் சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

மறுமொழி 2:
மிச்சம் உண்மைதான். சாதாரண விசிறி சுமார் 75 வாட் இழுக்குமிடத்தில் இது 30 வாட் அளவில் ஓடிவிடுகிறது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் சுவரிலிருந்த ரெகுலேட்டர் திருகைப் பறித்ததற்கும் தொடர்பே இல்லை. இவ்வகை விசிறிக்கென்றே செய்யப்பட்ட சுவர்த் திருகுடன் வரும் மாடல்களும் கடையில் கிடைக்கின்றன.

கேட்டவர்:
சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், வேகம் மாறுகிறது. ரிமோட்டை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டோம்.