பாத்ரூமில் கீசர் பாயிண்ட் எங்கே வைக்கலாம்?

கேள்வி:
பாத்ரூம் 5க்கு 7 அடி, மூலையில் ஷவர். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் மாட்டப் போகிறோம். ஷவருக்குப் பக்கத்திலேயே சாக்கெட் வைத்து மூடி போட்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீசியன். வாஷ்பேசின் அருகே ஹேர் டிரையருக்கும் ஒரு பாயிண்ட் வேண்டுமாம். டிபியில் (வீட்டின் மெயின் மின்பெட்டி) 63 ஆம்பியர், 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிவு அந்த மில்லிஆம்பியரை எட்டினால் லைனைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறது.

பதில் 1:
மூடியை நம்பாதீர்கள். பிளக் செருகிவிட்டால் சாதாரண மூடி முழுதாக மூடாது. ஷவர் ஆவி உள்ளே போய்ப் படியும். தொட்டியில்லாத ஷவர் என்றால், தண்ணீர் விழும் இடத்திலிருந்து 1.2 மீட்டருக்குள், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை சாக்கெட் கூடாது என்பது ஐஇசி (சர்வதேச மின்தர அமைப்பு) விதி. எதிர்ச்சுவரில், உயரத்தில் வையுங்கள். சுவிட்ச் கதவுக்கு வெளியே, 20 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது). சிங்கிள் போல் போட்டு ஃபேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால், ஆஃப் செய்த பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும். ஹேர் டிரையர் பாயிண்டை பெட்ரூமுக்கு மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் எம்சிபி (ஓவர்லோடு ஆனால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 2.5 சதுர மி.மீ. காப்பர். டிபியிலிருந்து தனி லைனாக வரட்டும். ஸ்க்ரூவை நன்றாக முறுக்கச் சொல்லுங்கள். லூஸ் கனெக்‌ஷன் சூடாகித்தான் பெரும்பாலும் சாக்கெட் கருகுகிறது.

பதில் 3:
உங்கள் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், உயிரைக் காக்கப் போதாது. கீசர் லைனுக்கு மட்டும் 25 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவர்லோடை அது பார்க்காது, எம்சிபியும் வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: எர்த் இல்லாத வீட்டில் சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் முனையையும் இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட். லீக் ஆகும் கரண்ட் நியூட்ரல் வழியே திரும்புவதால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறது. அப்படியானால் எர்த் சரிதானே?

பதில் 3:
இல்லை சார். எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த் லூப் டெஸ்டர் (எர்த் இணைப்பை அளக்கும் கருவி) வைத்து அளந்தால்தான் தெரியும். புது ஆர்சிசிபி போட்ட பிறகு கீசரை ஆன் செய்ததும் டிரிப் ஆனால், கீசரைக் குறை சொல்லுமுன் நியூட்ரலைப் பாருங்கள். வேறு லைனின் நியூட்ரலோடு சேர்ந்திருந்தாலும் அப்படித்தான் டிரிப் ஆகும்.