புதுப்பிப்பு: அந்தக் கோணல் செம்பனைக் காய்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், திசு வளர்ப்புக் கன்றில் (ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்று) காய்த்த கோணல் குலையின் படத்தைப் போன மாதம் போட்டிருந்தேன். "மரபணுவே கெட்டுப்போச்சா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இல்லை. டிஎன்ஏ எழுத்து அப்படியேதான் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ என்ற செய்திப் படியை வெட்டி ஒட்டுவதுதான் மாறுகிறது. பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் டெஃபிசியன்ஸ் மரபணுவின் இன்ட்ரான் (செய்தியிலிருந்து வெட்டி எறியப்படும் இடைப்பகுதி) ஒன்றுக்குள், கர்மா என்ற, இடம் விட்டு இடம் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டு கிடக்கிறது (பெயர் நான் வைத்ததில்லை!). நல்ல மரத்தில் மெத்தில் குறிகள் (டிஎன்ஏ மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகள்) அதை அடக்கி வைத்திருக்கும். ஆர்என்ஏ உருவாகும்போது ஸ்பிளைசிங் என்ற இந்த வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யும் ஆர்என்ஏ-புரதக் கூட்டம் இன்ட்ரானைக் கர்மாவோடு சேர்த்துக் கழித்துவிடும். திசு வளர்ப்பில் குறிகள் கழன்றுவிட்டால், செய்தியின் முன்பகுதி இன்ட்ரானைத் தாண்டிப் போகாமல், கர்மாவுக்குள் இருக்கும் வெட்டு முனையிலேயே ஒட்டிக்கொள்கிறது. செய்தி பாதியிலேயே நின்றுபோகிறது. அப்புறம் என்ன, மகரந்தத் தாளாக வேண்டியது சூலகம் மாதிரி வளர்கிறது. படத்தில் காயைச் சுற்றி விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் 2015இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். உரத்தால் சரியாகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது. ஆனால் கன்றின் இலையிலேயே மெத்தில் குறியைச் சோதித்து, நடுவதற்கு முன்பே கழித்துவிட வழி உண்டு. காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.