பழைய டீசல் கார் அடிக்கடி சூடாகிறது: கூலன்ட் எங்கே போகிறது?

கேள்வி (காரைக்குடி):
கைமாறி வந்த டீசல் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து நிம்மதி போய்விட்டது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் ஏ.சி. போட்டு வேகமெடுத்தால் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் குறைந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் வாங்கிய பட்டறையில், தரையில் ஒரு சொட்டுக்கூடக் கசியாத கூலன்ட் எங்கே போகிறது என்று மட்டும் சொல்லவில்லை. நான் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில் (தேவகோட்டை):
வெளியே ஒழுகாமல் குறைகிறதென்றால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் காஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலையில், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் ஓயாமல் கிளம்பினால் சிலிண்டரின் வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கலாம். காஸ்கெட் மாற்றுவதானால், ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் சோதிக்காமல் பூட்ட விடாதீர்கள். அதைத் தவிர்த்தால் அதே கோளாறு திரும்பி வரும்.

பதில் (கானாடுகாத்தான்):
முந்தைய உரிமையாளர் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கும். குடிக்க நல்லதென்று பேர்பெற்ற நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. கூலன்ட்டுடன் காய்ச்சி வடித்த நீரைத்தான் கலக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.