கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள்: பாடம் செய்து வைப்பது எப்படி?

பசறைப்பிள்ளை:
எங்கட லயத்துக்குப் பின்னால் அம்மாயி நட்ட கோப்பிச் செடிகள் நாலைந்து நிற்கின்றன. மழைக்குப் பிறகு இலையின் அடிப்பக்கமெல்லாம் செம்மஞ்சள் தூள். தொட்டால் விரலில் ஒட்டுது. அந்தக் காலத்தில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த துரு நோய் இதுதானா? ஓர் இலையை அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்து வைக்க ஆசை. அம்மாயி சிரிக்கிறா, "சீக்கு இலையையா சேர்க்கிற?"

ஊவா வாத்தியார்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதேதான் மகள், ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். சீக்கு இலையைச் சேர்த்ததால்தான் அதற்குப் பேரே வந்தது! பேராதனைத் தாவரவியல் தோட்டத்து த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து 1869இல் இங்கிலாந்தின் பூஞ்சண ஆய்வாளர்கள் பெர்க்லியும் புரூமும் விவரித்தார்கள். பெர்க்லியின் சேகரிப்பு 1879இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அந்த இலைகளைக் கிள்ளியது யார் கையோ, அதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன்.

மஸ்கெலியா ரவி:
தங்கச்சி, பழைய பேப்பருக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றுங்க. பேப்பரைத் தினமும் மாத்தணும், நம்ம ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் வேற பூஞ்சணம் பிடிச்சிரும். பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு பசை பூசாமல் கடதாசி உறைக்குள் போடுங்க, அடிப்பக்கம் பார்க்கணுமே. சீட்டில் செடியின் பேர், இடம், அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், திகதி, எடுத்தவர் பேர். சீட்டு இல்லாட்டி அது வெறும் சருகு.

பசறைப்பிள்ளை:
அம்மாயி பேரையும் எழுதலாமா?

ஊவா வாத்தியார்:
கட்டாயம். "செடி நட்டவர்" என்று போடுங்கள்.