சனிக்கிழமை ஒரு கை குறையுது

குழு: நம்ம குடும்பம் 🙏
வியாழன்

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நம்ம வீட்ல பிரிட்ஜ் சீட்டாட்டம். ராமன் போனப்புறம் முதல் ஆட்டம். அவன் சம்சாரம் நேத்து வந்து ஆட்டத்த மட்டும் நிறுத்திடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. மாடி வீட்டு டாக்டரும் அவர் வீட்டம்மாவும் வழக்கம்போல ஒரு ஜோடி. என் எதிர்ல உக்கார ஆள் வேணும். யார் வரீங்க

வசந்தா அத்தை: 16 முடிஞ்சு நாலு நாள்கூட ஆகல. அதுக்குள்ள சீட்டா அண்ணா

பெரியப்பா: அவன் இருந்தா அவனே எல்லாருக்கும் போன் போட்டிருப்பான் வசந்தா. 31 வருஷம் எதிர்ல உக்காந்தவன்

தீபா: கார்த்தி போயேன்டா

கார்த்தி: எனக்கு ரம்மிதான் தெரியும்

பெரியப்பா: ரம்மி தெரிஞ்சா போதும் கத்துக் குடுத்துடறேன். ஆளுக்கு 13 சீட்டு. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1, கட்டு முழுக்க 40 பாயிண்ட். கைல 12, 13 இருந்தா ஆரம்பிக்கலாம், 15லேர்ந்து 17 இருந்து நாலு ஜாதியும் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப்) பரவலா இருந்தா ஒன் நோட்ரம்ப், அதாவது துருப்பு இல்லாம ஆடறேன்னு சொல்றது. இதுல முக்கியம் என்னன்னா நம்ம கைய வாயால சொல்ல முடியாது, கேள்வி, அதாவது ஏலம், அது வழியாதான் சொல்லணும், பார்ட்னர் காதுகொடுத்துக் கேக்கணும். ரெண்டு கையும் சேர்ந்து 25 தேறினா 3 நோட்ரம்ப் போகலாம், அதுக்கு 9 பிடி எடுக்கணும், ஒரு சுத்து ஜெயிச்சா ஒரு பிடி. 33 வந்தா 12 பிடி, அது ஸ்லாம்

வசந்தா அத்தை: ஜாக்கிக்கு ஒண்ணே ஒண்ணா??

வசந்தா அத்தை: நம்ம 304 சீட்டாட்டத்துல ஜாக்கி 30. ஒம்போது 20. ஏஸே 11தான்

பெரியப்பா: அந்தப் பழக்கத்தோட வந்துதான் நீ அன்னிக்கு ஏஸை கீழ போட்ட வசந்தா

வசந்தா அத்தை: அப்பா சொல்லிக் குடுத்த ஆட்டம் அதுதான். ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கு 304, கணக்கு எவ்ளோ சுத்தம்

தீபா: அத்தை ஊறுகா பாட்டில் எப்ப அனுப்புவீங்க

வசந்தா அத்தை: சனிக்கிழமை யாராவது வந்தா எடுத்துட்டுப் போகட்டும்

மாமா: சீட்டாட்டம்னாலே சூதுதான். சின்னப் பையனுக்கு வேற சொல்லித் தரணுமா

பெரியப்பா: காசு வெச்சு ஆடினாதான் சூது மாப்ள. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ரெண்டு பேரும் பிரிட்ஜ்லதான் தங்கம் வாங்கினாங்க. பர்தனுக்கு அப்ப 60 வயசு. போட்டில எல்லா மேஜைக்கும் அதே கைதான் வரும், அதே சீட்ட வெச்சு யார் நல்லா ஆடினாங்கன்னுதான் மார்க்கு, அதுல அதிர்ஷ்டத்துக்கு எவ்ளோ இடம் இருக்கு சொல்லுங்க

மாமா: 🙏

பெரியப்பா: கார்த்தி இத ஆடு. நீ ஒன் நோட்ரம்ப், நான் 3 நோட்ரம்ப்.
உன் கை: ஸ்பேட் ராஜா 8 5. ஹார்ட் ஏஸ் 8 4. டைமண்ட் ஏஸ் ஜாக்கி 6 2. கிளப் ராணி ஜாக்கி 4.
என் கை (மேஜைல விரிச்சாச்சு): ஸ்பேட் ஏஸ் 6 2. ஹார்ட் 7 5. டைமண்ட் ராஜா 7 3. கிளப் ஏஸ் 10 9 8 5.
உனக்கு இடப்பக்கம் இருக்கற டாக்டர் ஹார்ட் 6 இறக்கறார். அவர் வீட்டம்மா ஜாக்கி போடறாங்க. நீ என்ன போடுவ

கார்த்தி: ஏஸ். இதுல என்ன யோசனை

பெரியப்பா: போச்சு. ஒண்ணு குறையும்

கார்த்தி: எப்படி??

பெரியப்பா: எண்ணிப் பாரு. ஸ்பேட் 2, ஹார்ட் 1, டைமண்ட் 2, கிளப்ல ராஜா எங்க இருந்தாலும் 4 பிடி வரும், மொத்தம் 9. ஆனா கிளப் ராணிய இறக்கினதும் ராஜா அந்தம்மா கைல இருந்தா அவங்க பிடிப்பாங்க, பிடிச்சு ஹார்ட்ட திருப்பி விடுவாங்க, டாக்டர் நாலு ஹார்ட் வரிசையா எடுப்பார். கிளப் ராஜா 1 ஹார்ட் 4, அஞ்சு போச்சு. அதனால முதல் ஹார்ட்ட விட்டுடு, ரெண்டாவதையும் விடு, மூணாவதுல ஏஸ் போடு. டாக்டர்கிட்ட 5, அந்தம்மாகிட்ட 3 இருந்தா அதோட அவங்க கைல ஹார்ட் காலி. அப்புறம் ராஜா பிடிச்சாலும் டாக்டருக்கு வழி இல்ல

கார்த்தி: 4-4 ஆ பிரிஞ்சிருந்தா?

பெரியப்பா: நல்ல கேள்வி!! அப்ப அவங்களுக்கு மொத்தமே 3 ஹார்ட்தான் வரும், கிளப் ராஜாவோட 4. ஆட்டம் நமக்குதான். எத்தனை தடவ விடறதுன்னா 7லேர்ந்து நம்ம ரெண்டு கைலயும் இருக்கற ஹார்ட்ட கழி. 5 இருக்கு, 2 தடவ விடு. ராமன் ஏஸை வெச்சுக்கிட்டு முகத்துல ஒரு சலனம் இல்லாம 4ஐ போடுவான், டாக்டர் ஏமாந்துடுவார்

வசந்தா அத்தை: பாவம் நல்ல மனுஷன்

கார்த்தி: இது பிடிச்சிருக்கு. 4 நோட்ரம்ப்னா ஏஸ் எத்தனைன்னு கேக்கறதாமே? வீடியோல பாத்தேன்

தீபா: டேய்

வசந்தா அத்தை: அத ஏன்டா இப்ப கேட்ட

கார்த்தி: ஏன் என்னாச்சு

தீபா: 1996. அத்தை கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி. மண்டபத்துல. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஜோடி

வசந்தா அத்தை: நான் மருதாணிக் கையோட வந்து ரெண்டு பேரையும் விலக்கி விட்டேன். அதோட ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்ததே இல்ல

முரளி சித்தப்பா: கார்த்தி, ஒன் நோட்ரம்ப்புக்கு நேரா 4 நோட்ரம்ப் சொன்னா என்ன அர்த்தம்னு உன் பெரியப்பாவ கேளு

கார்த்தி: பெரியப்பா?

தீபா: பெரியப்பா ஆன்லைன்லதான் இருக்கார்

(40 நிமிஷம் கழிச்சு)

பெரியப்பா: கார்த்தி, ஒரு ஜாதிய துருப்பா ஒத்துக்கிட்டப்புறம் 4 நோட்ரம்ப் சொன்னா அது ஏஸ் கேள்வி, பிளாக்வுட்னு பேர். ஏஸ் இல்லன்னாலும் நாலும் இருந்தாலும் 5 கிளப், ஒண்ணுன்னா 5 டைமண்ட், ரெண்டுக்கு ஹார்ட், மூணுக்கு ஸ்பேட். ஆனா ஒன் நோட்ரம்ப்புக்கு நேரா சொன்னா அது ஏஸ் கேள்வி இல்ல. உன்கிட்ட 17 இருந்தா 6 போ, 15தான்னா இங்கயே நில்லுன்னு அர்த்தம். அன்னிக்கு முரளி ஒன் நோட்ரம்ப் சொன்னான், நான் நேரா 4 நோட்ரம்ப் சொன்னேன். அவன்கிட்ட 15தான் இருந்துச்சு, பாஸ் பண்ணான். என் கைல 18. ரெண்டும் சேர்ந்தா 33, நான் கேக்காம நேரா 6 நோட்ரம்ப் போட்டிருக்கணும், ஏஸ் தெரியணும்னா 4 கிளப் சொல்லியிருக்கணும். 12 பிடி வந்துச்சு, ஸ்லாம் போச்சேன்னு சபைல வெச்சு அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்னுதுதான்

வசந்தா அத்தை: அண்ணா

முரளி சித்தப்பா: ராமன் எங்கிட்ட சொன்னான். நான் பாஸ் பண்ணது சரின்னு

பெரியப்பா: எப்ப

முரளி சித்தப்பா: பத்து வருஷம் இருக்கும்

பெரியப்பா: எங்கிட்ட சொல்லவே இல்லியே

முரளி சித்தப்பா: உன் பார்ட்னராச்சே. எப்படி சொல்வான்

தீபா: 😢

கார்த்தி: அப்ப சித்தப்பாவே வரலாமே

முரளி சித்தப்பா: சனிக்கிழமை 3 மணிக்கு பல் டாக்டர். தாம்பரத்துலேர்ந்து மாம்பலம் வர ரயில் வேற கூட்டமா இருக்கும்

பெரியப்பா: 5 மணிக்கு ஆரம்பிக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்

முரளி சித்தப்பா: பாக்கலாம்

முரளி சித்தப்பா: ஒன் நோட்ரம்ப் இப்பவும் 15-17 தானே

பெரியப்பா: 15-17. ஏஸ் கேக்கணும்னா 4 கிளப்

கார்த்தி: நான் வரணுமா வேணாமா

பெரியப்பா: வா. பக்கத்துல உக்காந்து பாரு. முரளி வரலன்னா நீதான்

வசந்தா அத்தை: காபி எத்தன பேருக்கு போடணும்னு யாராவது சொல்லுங்க. ராமன் டம்ளர் இன்னும் உங்க வீட்டு அலமாரிலதான் இருக்கு அண்ணா, அதுல யாருக்கும் ஊத்திடாதீங்க